மிச்சம் பிடித்த நேரம்

அழுதாளாம். தயாளனின் மனைவி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாளாம். அதுவும் யார் பேசியதைக் கேட்டு? பரோட்டாக் கடை செல்லக்கனியம்மா பேசியதைக் கேட்டு. ஜன்னலோரத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த நயினார் காலை இறக்கி வைத்தான். தயாளன் தினமும் கூடுவாஞ்சேரியில் அவனோடு ஏறி வண்டலூர் வரை வருகிறவன். இன்று இறங்குவதற்குச் சற்று முன்னால் வாயெல்லாம் பல்லாக வந்து, "இன்னா அண்ணாச்சி, இந்த வருசம் நீங்க சொன்ன பாட்காஸ்ட் எபிசோடெல்லாம் அள்ளுது. ஆனா அந்தப் பரோட்டாக் கடையம்மாவத்தான் தாங்க முடில. நேத்து எங்க வூட்ல அவளுக்குச் சோறே எறங்கல. அந்தம்மா அழுவுறதும், பேச்சு நின்னு கம்முனு கெடக்குறதும், திரும்ப அழுவுறதும்... அதப் போயி எப்டி சிரிப்பு எபிசோடுன்னு சொன்னீங்க?" என்று கேட்டான். கேட்டவன் பதிலுக்கு நிற்கவில்லை. வண்டலூர் வந்ததும் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டான். எந்த எபிசோடைக் கேட்டுத் தொலைத்தானோ. விரல் தவறிப் பக்கத்தில் இருந்த வேறெதையோ அழுத்தியிருப்பான், தயாளன் அப்படிப்பட்ட ஆள்தான், செங்கல்பட்டு வண்டி என்று நினைத்துத் திருமால்பூர் வண்டியில் ஏறித் தூங்கிப் போனவன். செல்லக்கனியம்மா அழுவதாவது. அந்த எபிசோடைக் கேட்டு நயினார் இதே பெட்டியில் தனியாகச் சிரித்து, எதிரில் இருந்த கிழவர் முறைத்ததெல்லாம் நடந்திருக்கிறது. புருஷன் செத்த கதையைச் சொல்லிக்கொண்டே கிலுகிலுவென்று சிரிக்கிற ஒரு மனுஷியை அவன் பார்த்ததுமில்லை, கேட்டதுமில்லை. அதனால்தானே அதைத் தேடி எடுத்துத் தங்கச்சி சக்திக்கு அனுப்பினான். சக்திக்கு.  

வருடா வருடம் கார்த்திகை பிறந்ததும் அவன் அதைச் செய்வான். அந்த வருடம் கேட்டவற்றில் தனக்குப் பிடித்த பாட்காஸ்ட் எபிசோடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை சுவையாகப் பேசி, ரயில் நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அனுப்புவான். ஒருவரும் கேட்டுக்கொண்டதில்லை, ஆனால் இப்போது எதிர்பார்க்கிறார்கள். பாட்காஸ்ட் அண்ணாச்சி என்று ஒரு பெயரும் வந்துவிட்டது. ஆறுமுகநயினார் என்ற பெயர் ஆபீஸ் சம்பளப் பட்டியலில்தான் இருக்கிறது. இந்த வருடம் கோயில் யானைக்குப் பல் வைத்தியம் பார்த்தவர் பேசியது ஒன்று, அவர் யானையின் வாய்க்குள் தலையை விட்ட இடம் பிரமாதம். குப்பைமேட்டுப் பருந்துகளைப் பற்றி ஒரு பெண் பேசியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆபரேட்டர், முப்பது வருடம் எட்டு மாடிக்குள்ளேயே ஏறி இறங்கியவர், தன் சொந்த வீட்டுக்கு மாடியே கட்டமாட்டேன் என்று அடம்பிடித்த கதை. அப்புறம் இந்தச் செல்லக்கனியம்மா, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புருஷனோடு பரோட்டாக் கடை நடத்தியவர், இப்போது தனியாக நடத்துகிறவர். இத்தனையும் ஒரு மனுஷன் எப்படிக் கேட்கிறான், வீடு, ஆபீஸ், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில்? ஆள் ஆளாய்க் கேட்டிருக்கிறார்கள், அவனும் ஒவ்வொருவருக்கும் செல்போனை நீட்டி விளக்கியிருக்கிறான். இங்கே பாருங்க, இதை அமுக்கினா ரெட்டை வேகம். ஒரு மணி நேரப் பேச்சு அரை மணியில முடிஞ்சிரும். இது இன்னொண்ணு, பேச்சுக்கு நடுவுல சும்மா இருக்காங்கல்ல, அந்தச் சும்மாவையெல்லாம் இதுவே வெட்டி எறிஞ்சிரும். வருஷக் கடைசியில எவ்வளவு நேரம் மிச்சம் பிடிச்சோம்னும் கணக்குக் காட்டும். அந்தக் கணக்கைக் காட்டும்போது ஏதோ சீட்டுப் போட்டுச் சேர்த்தவனைப் போல அவனுக்கு முகம் மலரும். மிச்சம் பிடித்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? இன்னொரு எபிசோடு கேட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

பெருங்களத்தூரில் வண்டி வழக்கம்போல் சும்மா நின்றது. இயர்போனைச் செருகினான். தயாளன் சொன்னது தப்பு என்று தெரிந்துகொண்டால் போதும், ஒரு நிமிஷ வேலை. செல்லக்கனியம்மாவைத் தேடி எடுத்து, வேகத்தைச் சாதாரணத்துக்குக் கொண்டுவந்து, சும்மாவை வெட்டுகிற அந்தப் பொத்தானையும் அணைத்தான். அணைத்ததும் முதலில் செல்போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தான். குரல் அப்படி இழுத்தது. கிணற்றுக்குள்ளிருந்து வாளியை மேலே இழுப்பது போல ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. இவ்வளவு மெதுவாகவா மனுஷர்கள் பேசுகிறார்கள்? எதிரில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்களைப் பார்த்தான், அவர்கள் வாயும் அதே வேகத்தில்தான் அசைந்தது. அப்படியானால் இதுதான் வேகம். "அவுக போன அன்னைக்கும் காலையிலேயே மாவு பெசஞ்சு வச்சிருந்தாக. ஆஸ்பத்திரியிலருந்து வந்து பாக்கேன், மாவு அப்படியே ஈரத்துணி போட்டு இருக்கு. அவுக கைத்தடம் அதுல இருக்கு. அந்த மாவ என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல..." அந்த இடம் அவனுக்கு மனப்பாடம். அதற்கு அடுத்துதான் அந்தம்மா கிக்கிக்கென்று சிரிப்பார், உடனே அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார், அடேயப்பா என்ன பொம்பளை என்று அவன் தொடையில் தட்டிக்கொண்ட இடம். இப்போது சிரிப்பு வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கோ ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம், தூரத்தில் ஒரு பஸ், யாரோ மூச்சை உள்ளே இழுப்பது. அந்த மூச்சு உடைந்து உடைந்து வந்தது. ஹ்ஹ். ஹ்ஹ். ஹ்ஹ். அதற்கப்புறம்தான் அது வந்தது, அவன் சிரிப்பு என்று நினைத்த அது. அது அழுகை. வயிற்றிலிருந்து வருகிற, வாயைப் புடவையால் பொத்திக்கொண்டும் அடங்காத அழுகை. ரெட்டை வேகத்தில் அதை ஓட்டினால், நடுவில் இருக்கிற மூச்செல்லாம் வெட்டுப்பட்டுப் போனால், கிக்கிக்கென்றுதான் கேட்கும். சந்தேகத்துக்கு அவனே ஒருமுறை வேகத்தைக் கூட்டிப் பார்த்தான். சிரித்தார். குறைத்தான். அழுதார். கூட்டினான். சிரித்தார். அய்யோ, என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். எதிரில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

தாம்பரத்தில் கூட்டம் அடைத்துக்கொண்டு ஏறியது. ஒரு பை அவன் முகத்தில் இடித்தது, ஒரு முழங்கால் அவன் முழங்காலில் குத்தியது, அவன் எதையும் உணரவில்லை. சக்திக்கு அனுப்பும்போது எல்லோருக்கும் சொன்னதைத்தானா சொன்னான்? இல்லையே. தங்கச்சியாயிற்றே என்று தனியாக இரண்டு வரி எழுதினான், அக்கறையாக, யோசித்து, அடித்துத் திருத்தி எழுதினான். "இந்த அம்மாவையும் புருஷன் விட்டுட்டுப் போயாச்சு. எப்படி இருக்கா பாரு. நீயும் இப்படி ஆகிரணும் தாயி." எப்படி இருக்கா பாரு. அவன் கையைத்தான் வெட்டிப் போட வேண்டும். பாளையங்கோட்டையில் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து சக்தி அதைக் கேட்பாள், ரெட்டை வேகம் எல்லாம் அவளுக்குத் தெரியாது, செல்போனில் எது எப்படி வருகிறதோ அப்படியே கேட்பாள், அந்தம்மா அழ அழ முழுவதும் கேட்பாள், கேட்டுவிட்டு அண்ணன் எழுதியதைப் படிப்பாள். நீயும் இப்படி ஆகிரணும். கேட்பாள் என்ன, கேட்டுக்கொண்டே இருக்கிறாள். காலையில் அவன் பல் தேய்க்கும்போதே செய்தி வந்திருந்தது, நீ அனுப்புனதக் கேட்டுக்கிட்டு இருக்கேண்ணே என்று. அவனும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே அதற்கு ஓர் இதயத்தை அழுத்திவிட்டான். சிவப்பு இதயம். கூப்பிட்டான். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது. குரோம்பேட்டையில் திரும்பக் கூப்பிட்டான். மறுபடியும் அடித்து ஓய்ந்தது. குளித்துக்கொண்டிருப்பாள். கடைக்குப் போயிருப்பாள். கோபத்தில் எடுக்காமல் இருப்பாள், கோபமாக இருந்தால் நல்லது, கோபமாக இரு தாயி, எடுத்து நாலு வார்த்தை ஏசு, நீயெல்லாம் ஒரு அண்ணனா என்று கேள்.

ஒரு அண்ணனா. சித்திரையில் சக்தியின் புருஷன் வேலாயுதம் போனபோது மட்டும் என்ன செய்தான்? மாப்பிள்ளை பி.டி. வாத்தியார், ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவர் இல்லை, பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். நயினார் மெட்ராஸிலிருந்து போய் இறங்கியதும் சக்தி எழுந்து ஓடிவந்தாள். அண்ணே என்று கையைப் பிடித்தாள். அவன் என்ன சொன்னான்? ஐஸ் பெட்டிக்குக் கரண்டு சரியா வருதா என்று கேட்டான். பிடித்த கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு பந்தல்காரனைப் பார்க்கப் போய்விட்டான். அன்று முழுக்க ஓடினான், நாற்காலி, தண்ணீர் கேன், பூ, வண்டி, எல்லாரும் அண்ணன்காரன் ஒற்றையாளாய் நின்று எல்லாம் பார்த்தான் என்று மெச்சினார்கள். அவனுக்கு மட்டும் தெரியும், அவள் உட்கார்ந்திருந்த அறைக்குள் போகப் பயந்துதான் அவன் அத்தனை ஓட்டம் ஓடினான் என்று. அழுகிறவர்கள் பக்கத்தில் அவனால் இருக்க முடியாது. என்ன சொல்வது என்று தெரியாது, சொல்லாமல் சும்மா இருக்கவும் தெரியாது. சுடுகாட்டுக்குப் போகிற வழியில் வேனில் உட்கார்ந்துகொண்டு ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகினானே, ஜன்னல் பக்கத்துக் காதில், யாருக்கும் தெரியாமல். அன்றைக்கு என்ன கேட்டான்? பருந்து. குப்பைமேட்டுப் பருந்துகள். அதைத்தான் வருடத்தின் மிகச் சிறந்த எபிசோடு என்று எல்லாருக்கும் சொன்னான். பல்லாவரம் வந்தது.  

கூப்பிட்டான். எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லலாம். யாரை? எதிர் வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார், சக்தி பேச்சுக்குப் பேச்சு அந்த அக்காவைச் சொல்வாள், அவர் பெயர் என்ன? சொல்லியிருப்பாள். எத்தனையோ தடவை சொல்லியிருப்பாள். அவன் காதில் அது விழவே இல்லை, விர்ரென்று கடந்து போயிருக்கும். விர்ரென்று. நயினார் அந்த வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டு நின்றான். மாப்பிள்ளை போன பிறகு சக்தி அவனோடு போனில் நேரடியாகப் பேச வாய்த்ததே இல்லை. அவன் ரயிலில் இருக்கிறேன் என்பான், ஆபீஸில் இருக்கிறேன் என்பான், அவளும் சரி தொந்தரவு வேண்டாம் என்று வாட்ஸப்பில் குரலைப் பதிந்து அனுப்புவாள். வாரத்துக்கு ஒன்றிரண்டாவது வரும். அவற்றை அவன் எப்படிக் கேட்டான்? அதிலும்தான் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒருமுறை ரெட்டை வேகத்தில் வைத்தது அப்படியே கிடக்கிறது, மாமனார் பேசினாலும் மேனேஜர் பேசினாலும் சக்தி பேசினாலும் எல்லாம் ரெட்டை வேகம்தான். மீனம்பாக்கம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. சித்திரையிலிருந்து இன்றுவரை தன் தங்கை பேசிய ஒரு வார்த்தையைக்கூட அவள் பேசியபடி அவன் கேட்டதில்லை. பரவாயில்லை, தேறிட்டா என்று பெண்டாட்டி தேவகியிடம் சொன்னானே. வைகாசி போய் ஆனி பிறக்கும்போதே சொன்னான். நல்லாச் சிரிச்சுப் பேசுதா தேவகி, எங்க அப்பாவோட தைரியம் அவளுக்கு அப்படியே வந்திருக்கு என்றான். தேவகி ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சிரிக்காளா? எங்கிட்டப் பேசும்போது அப்படித் தெரியலையே" என்று சொன்னாள். அவன் காதில் இயர்போன் இருந்தது.

கிணறு. பழவந்தாங்கலில் வண்டி நின்றபோது அது ஞாபகம் வந்தது. ஆவணி மாசமோ எப்போதோ அவள் அனுப்பியது. கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டுப் பூட்டிவிட்டேன், சாவியை எதிர்த்த வீட்டு அக்காவிடம் கொடுத்து நான் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன் என்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கிக்கிக். அவன் என்ன எழுதினான்? நல்ல காரியம், இனி பூனை விழாது என்று எழுதினான். கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி இரண்டையும் பக்கத்தில் போட்டான். நான் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. எந்த மடையனுக்கும் விளங்கும், வீட்டுக்காரியே கேட்டாலும் சாவி கொடுக்கக் கூடாது என்றால் அது பூனைக்காகவா? நயினார் எழுந்தான், எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்தான், அதற்குள் அவன் இடத்தில் பாதியை வேறொருவர் பிடித்திருந்தார். முருகா. முருகா, அந்தச் சாவி எதிர் வீட்டிலேயே இருக்க வேண்டும். அந்தப் பெயர் தெரியாத அக்கா கொடுக்காமல் இருக்க வேண்டும். இன்று கொடுக்காமல் இருக்க வேண்டும். கூப்பிட்டான். மணி அடித்தது, அடிக்கும்போதெல்லாம் அந்த வீட்டின் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லின்மேல் செல்போன் தனியாகக் கிடந்து அதிர்வது போல அவனுக்குத் தெரிந்தது. ஓய்ந்தது. உடனே கூப்பிட்டான். ஓய்ந்தது. யாரிடம் சொல்வது? போலீஸிடம் என்ன சொல்வது, என் தங்கச்சிக்கு ஒரு பாட்காஸ்ட் எபிசோடைச் சிபாரிசு பண்ணிவிட்டேன், ஓடிப்போய்ப் பாருங்கள் என்றா? இறங்கி எதிர்த் திசையில் போகிற எந்த வண்டியிலாவது ஏறினாலும் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க ஈரமாகவே இருந்தது. பக்கத்தில் இடம் பிடித்த ஆள், "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா சார்?" என்றார். நயினார் தலையை ஆட்டினான். ஆமா என்றா இல்லை என்றா என்று அவனுக்கே தெரியவில்லை.

கிண்டியில் பாதிப் பெட்டி காலியானது, காற்று வந்தது. அவள் கடைசியாக அனுப்பிய குரல் இருந்தது, திங்கட்கிழமை வந்தது. நீளமானது. அன்று அதைக் கேட்க ஆரம்பித்து, பாதி ஓடுவதற்குள் நுங்கம்பாக்கம் வந்துவிட்டதால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அழுத்தி அனுப்பிவிட்டு இறங்கிப் போனான், அன்று சாயங்காலம்தான் எபிசோடுகளை அனுப்பினான். அதைத் தேடிப் பிடித்தான். வேகம் என்று இருந்த இடத்தை அழுத்தி ஒன்றுக்குக் கொண்டுவந்தான். அவசரத்தில் விரல் இரண்டு தடவை தவறியது. அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "அண்ணே... நான் சக்தி பேசுதேன்." இது யார் குரல்? இவ்வளவு வயசான குரல் யாருடையது? அம்மாவின் கடைசிக் காலத்துக் குரல் போல இருந்தது, அவளுக்கோ இன்னும் நாற்பது ஆகவில்லை. "நல்லாத்தான் இருக்கேன்." அதற்கப்புறம் ஒன்றுமில்லை. சைதாப்பேட்டை பாலத்தில் வண்டி தடதடவென்று ஏறியது, கீழே ஆறு கறுப்பாகக் கிடந்தது, பாலம் முடிந்தும் அவள் பேசவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. நயினாருக்குக் கட்டைவிரல் தானாகத் திரையை நோக்கிப் போனது, இந்தச் சும்மாவைத் தாண்டிவிட, அடுத்த வார்த்தைக்குப் போய்விட. இவ்வளவு கேட்ட பிறகும் போகிறதே இந்த விரல் என்று அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான். "சாப்பிடத்தான் முடியல. ஒலை வச்சா ரெண்டு பேருக்கு அரிசி போட்ருதேன். அப்புறம் அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்." ஹ்ஹ். ஹ்ஹ். திங்கட்கிழமை இதற்குத்தான் கட்டைவிரலைக் காட்டியிருக்கிறான். "எதுத்த வீட்டு ஆவுடையக்காதான் ரெண்டு வாய் ஊட்டி விடுதா." ஆவுடையக்கா. ஆவுடையக்கா, ஆவுடையக்கா என்று அவன் உதடு அசைந்தது. பேசாமல் இருந்தாள். திரும்ப அழுதாள். அழுகையை விழுங்கினாள், விழுங்குவது கேட்டது. "அண்ணே, ஒண்ணு கேக்கணும். நீ மாட்டேன்னு சொல்லக் கூடாது..." அந்த இடத்தில் குரல் அறுந்தது. செல்போன் கையில் அதிர்ந்தது. திரையில் சக்தி என்று வந்தது.

"சக்தி! ஏட்டி! எங்க இருக்க? எங்கட்டி போன?" அவன் போட்ட கூச்சலில் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"அண்ணே..." அவளுக்கு மூச்சு வாங்கியது. ஓடிவந்தவளைப் போல. "இத்தன தடவ கூப்பிட்டிருக்கியே, எனக்குக் கேக்கவே இல்லண்ணே. ஃபோனு பையில கெடந்துச்சு. இப்பதான் ஒரு வண்டி வந்துச்சா, ஒவ்வொரு பெட்டியாப் பாத்துக்கிட்டே கடைசி வரைக்கும் ஓடினேன்."

உயிரோடு இருக்கிறாள். நயினாருக்கு முதலில் அது ஒன்றுதான் புரிந்தது. உயிரோடு இருக்கிறாள், மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்கினால் உயிரோடுதான் இருக்கிறாள். அவள் சொன்ன மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தது. "என்ன வண்டி? எங்க நிக்க?"

"நம்மூரு ஜங்ஷன்லதான். வேற எங்க நிப்பேன்? விடியுமுன்னயே வந்துட்டேன். எந்த வண்டின்னு நீ சொல்லாண்டாம், நான் ஸ்டேஷன்லயே வந்து நிப்பேன்னு சொன்னேம்லா. வீட்டுல கெடக்கதுக்கு இது எவ்வளவோ தேவலண்ணே. மெட்ராஸ்லருந்து வந்த வண்டி ஒண்ணு விடாமப் பாத்துட்டேன்." அவள் சற்று நிறுத்தினாள். "இன்னைக்குக் கல்யாண நாளுல்லா. இந்த ஒரு நாள் மட்டும் என்னால அந்த வீட்டுல ஒத்தையில இருக்க முடியாதுண்ணே. அன்னைக்கு வந்து கூட இருண்ணேன்னு நான் கேட்டதும் வாரேன்னு நீ கட்டவெரலக் காட்டுன பாரு, அன்னையிலருந்துதான் எனக்குச் சோறே எறங்குது. ஆவுடையக்காகிட்டச் சொன்னேன், எங்கண்ணன் வாரான்னு. அவ நம்பல."

மாம்பலத்தில் வண்டி நின்று கிளம்பியது. நயினார் எழுந்து வாசல் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். கல்யாண நாள். கார்த்திகை, வியாழக்கிழமை, மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டதே அவன்தான். சொல்லிவிட வேண்டும். நான் கேட்கவில்லை தாயி, நீ பேசியதைப் பாதிகூடக் கேட்கவில்லை, கேட்ட பாதியையும் நீ சிரிக்கிறாய் என்று நினைத்தேன், நான் மெட்ராஸில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இதை எந்த வேகத்தில் சொல்வது?

"அந்தப் பரோட்டாக் கடையம்மா பேச்ச இங்கன பெஞ்சுல உக்காந்துதான் கேட்டேன்," என்றாள் சக்தி. "எல்லாரும் அழாத அழாதன்னுதான் சொன்னாவ. நீ ஒருத்தன்தான் அந்தம்மா மாதிரி ஆகிருன்னு எழுதுன. நான் அழுது அனுப்புனதையெல்லாம் நீ உக்காந்து கேட்டிருக்கன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. வெக்கத்த விட்டு அழுதேண்ணே, சுத்தி ஆளுக இருக்கும்போதே அழுதேன். இப்பக் கொஞ்சம் லேசா இருக்கு."

"சக்தி, நான் வந்து..."

"அண்ணே, இரு இரு. ரயில் சத்தம் கேக்கே." அவள் குரல் சட்டென்று மாறியது. சித்திரைக்கு முந்தின குரல், மாப்பிள்ளையைக் கேலி பண்ணுகிற குரல், அவன் மறந்தே போயிருந்த குரல். இந்தத் தடவை அவள் உண்மையாகவே சிரித்தாள், சாதாரண வேகத்தில். "ரயில்லதான் இருக்க! வந்துக்கிட்டுத்தான் இருக்க! எனக்குத் தெரியும்லா. அடுத்த வண்டியா? சொல்லுண்ணே, எந்தப் பெட்டி? நான் நேரா அங்கன போயி நின்னுக்கிடுதேன்."